மூன்றாம் முறை அடை வைத்தபோது

— பெட்டி எங்கயும் ஓடிடாதுடா தம்பி! பஸ்ஸை விட்டு இறங்கி வந்து இன்னும் பையைக்கூடக் கீழ வைக்கல, அதுக்குள்ள மூடியைத் தூக்குற. கையைக் கழுவிட்டு வந்து முதல்ல சாப்பிடு.

— பார்த்துட்டுச் சாப்பிடுறேன் அக்கா. உன் பையன் ஃபோன்ல அழாத குறைதான். "மாமா, ஊர் ஃப்ரிட்ஜை எல்லாம் குளிர வைக்கிறீங்க, எங்கப்பாவோட முட்டை பொரிக்கிற பெட்டியைக் கொஞ்சம் சூடாக்கிக் குடுக்கக் கூடாதா"ன்னான். ரெண்டு தடவை அடை வெச்சும் ஒரு குஞ்சுகூட வரலையாமே? இது மூணாவது தடவையாமே?

— வரலைன்னா போகுது. அதுக்கு உன்னை எதுக்கு இழுத்து விடணும்? அவனுக்கு வேற வேலை இல்ல.

— அடியே, வந்தவனை வாசல்லயே வெச்சு வறுக்காதே. வா மாப்ளே. குரலை வெச்சுத்தான் நீன்னு தெரியுது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிட்டு நின்னா எனக்கு வெறும் நிழல்தான். கிட்ட வா. தலை நரைச்சிடுச்சா?

— நரைச்சு, கொட்டியும் போச்சு அத்தான். கண்ணு இவ்வளவு மோசமாயிடுச்சா உங்களுக்கு?

— அதாவது, மோசம்னு சொல்ல முடியாது. பால்ல மூழ்கிட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கு. அது இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? புரை முத்திப் போச்சு, இனி தள்ளிப்போடாதீங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிறார் தம்பி. பையன் அவன் ஊர் ஆஸ்பத்திரியில எல்லாம் பேசி வெச்சுட்டான். வீட்டுல ஒரு ரூமையும் ஒழிச்சு வெச்சிருக்கான், ஆபரேஷன் முடிஞ்சு அங்கயே இருந்துடுங்கன்னு. இவர்தான் சொல்லிட்டாரே, இந்தக் கோழிங்களோட குஞ்சு பொரிக்கட்டும், மாப்ளை கையில குடுத்துட்டுக் கிளம்புறேன்னு.

— ஒரு தடவை சொன்னேன்.

— நீங்க ஒரு தடவை சொன்னா அது சொன்னதுதானே.

— அத்தான், குஞ்சு எதுக்கு? அந்தக் கோழிகளையே நான் வண்டி வெச்சு ஏத்திட்டுப் போறேனே.

— ஏத்திட்டுப் போயி? உன் வீட்டு நாய் இருக்கே, அது அன்னிக்கே விருந்து முடிச்சுடும். குஞ்சுல இருந்து கண்ணெதிர்ல வளர்ந்தாத்தான் நாய்க்கும் நம்மாளுங்கன்னு ஒரு எண்ணம் வரும். அதாவது, அதை யோசிச்சுத்தான் அப்படிச் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல.

— சரி, ரெண்டு பேரும் அப்புறம் யோசிங்க. தம்பி, ஆம்லெட் ஆறிப் போகுது.

— குடு அக்கா. ம்... இதுக்காகவே வரலாம். என்னா நிறம் பாரு, மஞ்சக்கரு செக்கச்செவேல்னு! கடை முட்டையில எவ்வளவு எண்ணெய் ஊத்தினாலும் இந்த ருசி வராது.

— சாப்பிடும்போது பேசாதே. புரை ஏறும்.

— மாப்ளே, உனக்கு இந்தப் பெட்டி ஞாபகம் இருக்கா?

— என்ன அத்தான் இப்படிக் கேட்டுட்டீங்க! உங்க வாட்ச் கடை ஷோகேஸாச்சே. இந்தக் கண்ணாடிக்குக் கீழதான் வரிசையா வாட்ச் படுத்திருக்கும். இதோ, இந்த மூலையில விரிசல் விட்டதுகூட நான் பம்பரம் விட்டதாலதான்.

— உனக்குப் பதிலா நான் வாங்கினேன் பாரு திட்டு! பொண்டாட்டி தம்பின்னு உன்னைச் சும்மா விட்டுட்டு, தம்பியை இப்படியா வளர்ப்பேன்னு என்னைத்தான் புடிச்சாரு.

— கடையை மூடினப்போ எல்லாத்தையும் குடுத்துட்டேன். இதை மட்டும் குடுக்க மனசு வரல. வாட்ச் வெச்ச இடத்துல முட்டையை வெச்சேன். உங்கக்கா சிரிச்சா.

— சிரிக்காம? கடையில இருந்து மனுஷன் வீட்டுக்கு வந்தா நிம்மதின்னு பார்த்தா, பின்னாடியே கடையும் வந்துடுச்சு. பெட்டிக்குள்ள பல்பு, பெட்டிக்குப் பக்கத்துல இவரு. நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கேன்னு முட்டை பொரிச்ச அப்புறம்தான் ஞாபகம் வரும்.

— அப்படிச் சொல்லாதே அக்கா. நான் சின்னப் பையனா இருந்தப்போ, முதன்முதலா பொரிக்கையில கரண்ட் போச்சே, மழையில கம்பம் சாஞ்சு? யாரு பதறினது? நீதானே புடவையைச் சுத்தி மடியில பாதி முட்டையைக் கட்டிக்கிட்ட. மீதியை என் வயித்துல வெச்சு, மேல போர்வையைப் போட்டு, அசையக் கூடாதுன்னு மிரட்டின. எனக்கு மூக்கு அரிச்சது. சொறியக்கூட விடல நீ.

— ஆமா. உன் வயித்துல இருந்த ஒண்ணுதான் முதல்ல கத்துச்சு. ஓட்டுக்குள்ள இருந்தே கத்துச்சு. நீ பயந்து ஓன்னு அழுத.

— அது கத்துச்சா நான் கத்தினேனான்னு எனக்கே தெரியல.

— பையன் அப்போ தவழ்ந்துட்டு இருந்தான். பொரிச்ச குஞ்சைப் பார்த்துட்டுக் கையைத் தட்டினான். அதுக்கு முன்னாடி அவன் கை தட்டினதே இல்ல. அதாவது, அந்த வயசுல எல்லாக் குழந்தையும் தட்டும்தான். ஆனா எனக்கு என்னமோ குஞ்சு கத்துக் குடுத்த மாதிரியே இருந்துச்சு.

— குஞ்சு ஒண்ணு இவரோட வாட்ச் டப்பா வெல்வெட்டுல படுத்துத் தூங்கிடுச்சு, தம்பி. கடையை மூடின அப்புறமும் வீடு தேடி வாட்ச் வாங்க வந்த ஆளு டப்பாவைத் திறந்துட்டு, "இது நேரம் சரியாக் காட்டுமா"ன்னு கேட்டான். ஐயோ, அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு! இப்பவும் நினைச்சா விலா வலிக்குது.

— நல்ல வீடு அக்கா இது. நான் படிச்சதுன்னு ஏதாவது இருந்தா இந்த வீட்டுலதான். சரி, தட்டை எடுத்துக்க. வேலையைப் பார்ப்போம். அத்தான், இது பழைய தெர்மாமீட்டர்தானே? இதை நம்ப முடியாது. என்னோடதையும் பக்கத்துல வைக்கிறேன்.

— வை. ஆனா ஒண்ணு சொல்றேன், அது தப்பாக் காட்டாது.

— கொஞ்ச நேரம் இருக்கட்டும். முட்டையைத் திருப்பி விடுறது யாரு?

— நான்தான். அலாரம் வெச்சிருக்கேன். வாட்ச்காரன் வீட்டுல நேரத்துக்கா பஞ்சம்? ஒரு பக்கம் பென்சில் கோடு, ஒரு பக்கம் வெறும். கோடு தெரியலைன்னாலும் உங்கக்கா சொல்லிடுவா.

— சில பேரு ஒரே பக்கமா விட்டுடுவாங்க, கரு ஓட்டுல ஒட்டிக்கும். அதான் கேட்டேன். தண்ணித் தட்டுல தண்ணி இருக்கு. காத்து ஓட்டையும் திறந்திருக்கு. வெயில் படுதா பெட்டி மேல?

— படாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல வெச்சிருக்கேன். அதை எனக்கு நீ சொல்லித் தர்றியா மாப்ளே?

— கோச்சுக்காதீங்க அத்தான், மெக்கானிக்குன்னா எல்லாத்தையும் கேட்டுத்தான் ஆகணும். ப்ளக்கு சொருகாத ஃப்ரிட்ஜுக்குக்கூட என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அக்கா, பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி முட்டையை எங்க வெச்ச? ஃப்ரிட்ஜிலயா?

— நான் என்ன புதுசா கோழி வளர்க்கிறேனா? கூர்முனை கீழ இருக்கிற மாதிரி, நிழல்ல, தவிட்டுல.

— கழுவினியா?

— கழுவுவேனா? அழுக்கு இருந்தா காஞ்ச துணியால தொடைப்பேன், அவ்வளவுதான். என்னடா, போலீஸ் ஸ்டேஷன்ல நிக்க வெச்ச மாதிரி கேள்வி கேக்குற!

— ரெண்டு தெர்மாமீட்டரும் ஒண்ணாத்தான் காட்டுது அத்தான். நீங்க சொன்னது சரி. இந்தப் பெட்டியைக் குறை சொன்னா எனக்கு வாய் அழுகிடும். சரி, டார்ச்சைக் குடு அக்கா. வெச்சுப் பத்து நாள் ஆச்சு இல்ல? இப்போ வெளிச்சத்துல பார்த்தா உள்ளே நரம்பு ஓடணும்.

— எதுக்குடா? நான் நேத்துதான் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. எடுத்து எடுத்துப் பார்த்தா சூடு போயிடும்.

— ஒரு நிமிஷம் அக்கா. எனக்குத் தெரியாதா? ஜன்னலைச் சாத்து. ம்... இதுல ஒண்ணுமில்ல. இது? இதுவும் வெறும் வெளிச்சம்தான். இதுவும். அத்தான், எல்லாமே கூமுட்டை!

— அப்படியா?

— என்ன அத்தான், மழை வருதுன்னு சொன்ன மாதிரி அப்படியாங்கறீங்க? ஒண்ணை உடைச்சே பார்த்துடுறேன். அக்கா, ஒரு கிண்ணம். இதோ பாருங்க. மஞ்சக்கரு மேல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். சுத்தி வளையமும் இல்ல, ரத்தமும் இல்ல. கரு பிடிச்சு நடுவுல செத்திருந்தா பெட்டியைச் சந்தேகப்படலாம். சூடு ஏறிச்சா, குளிர்ந்துச்சா, ஈரம் பத்தலையான்னு தேடலாம். இதுல உயிரே வரல. நீங்க பெட்டியைத் தங்கத்துல பண்ணி வெச்சாலும் பொரிக்காது.

— அப்போ சேவல்தான்டா சரியில்ல.

— சேவலைச் சொல்லாதே! அவன் என்னை முறைச்சாலும் முறைப்பான், வேலையில குறை வைக்க மாட்டான். காலையில இருந்து அந்தக் கோழிங்க பின்னாடியேதான் சுத்துறான். நீ என்னடி நினைச்ச அவனை?

— எனக்கு என்ன தெரியும், நான் என்ன கோழியா? ஐயோ, தூறல் போடுது! துணியெல்லாம் கொடியில கிடக்கு. தம்பி, நீ எல்லாத்தையும் அடுக்கி மூடி வை. இதோ வந்துடுறேன்.

— அத்தான்.

— சொல்லு.

— அக்கா போயிட்டா. என் பக்கம் திரும்புங்க. இது என்ன அத்தான்?

— எது? எனக்கு என்ன தெரியும்னு காட்டுற?

— என் கட்டைவிரல். ஈரக் கையோட முட்டையைத் தொட்டேன், பழுப்பா ஒட்டுது. இதோ, தேய்ச்சா உள்ளே வெள்ளை ஓடு. மோந்து பார்த்தேன். டீ டிகாஷன்! கடை முட்டையை டிகாஷன்ல முக்கி எடுத்திருக்கு. நம்ம கோழி முட்டை பெட்டிக்குள்ள இல்ல, இத்தனை நேரம் என் தட்டுல இருந்துச்சு. என்ன வேலை இது? போறதுக்கு இஷ்டம் இல்லைன்னா பையன்கிட்ட நேரா சொல்லிட்டுப் போறதை விட்டுட்டு?

— கத்தாதே மாப்ளே. நான் செய்யல.

— பின்னே?

— இந்த வீட்டுல இன்னொரு ஆளுதானே இருக்கா.

— அக்காவா? அப்போ உங்களுக்குத் தெரியுமா?

— கண்ணுதான் போச்சு. விரலும் மூக்குமா போச்சு? இந்த மூணுல முதல் தடவை வெச்சப்பவே தெரியும். நம்ம கோழி முட்டை சின்னது, ஒரு பக்கம் கூரா இருக்கும், லேசா சொரசொரன்னு இருக்கும். இதுங்க வழுவழுன்னு பெருசு பெருசா கிடக்கு. மூடியைத் திறந்தா டீக்கடை வாசனை அடிக்குது. மனுஷன் எவ்வளவுன்னுதான் தெரியாத மாதிரி நடிக்கிறது?

— தெரிஞ்சேதான் அலாரம் வெச்சுத் திருப்பி விடுறீங்களா?

— திருப்பலைன்னா அவளுக்குச் சந்தேகம் வருமே.

— என்ன கூத்து அத்தான் இது!

— அதாவது, நீயே யோசிச்சுப் பாரு. அவ இந்த வீட்டுக்கு வந்தப்போ சின்னப் பொண்ணு. பின்னாடி இருக்கிற மரம் அவ நட்டது. இந்தச் சுவர்ல எந்த ஆணி எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். கிளம்புறதுக்குப் பையன் சொன்ன நாள்ல இருந்து ராவுல புரண்டு புரண்டு படுக்கிறா. போக மனசில்ல மாப்ளே அவளுக்கு. அதை வாயால சொல்ல வரல. சொன்னா என் கண்ணுக்குக் குறுக்க நிக்கிற மாதிரி ஆயிடும்னு நினைக்கிறா. அதான் முட்டையை மாத்தி வைக்கிறா.

— கேட்டுட வேண்டியதுதானே?

— கேட்டா என்ன சொல்லுவா? "எனக்கென்ன, நீங்க கிளம்பினா நானும் கிளம்புறேன்"னுவா. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான்தான் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்.

— உங்களுக்கு எப்படி இருக்கு அத்தான்? போகணும்னு இருக்கா, இல்லையா?

— இருக்குடா. யார்கிட்டயும் சொல்லாதே. ரொம்ப இருக்கு. பையன் அவன் பொண்ணை ஃபோன்ல காட்டுறான். எனக்கு ஒரு வெள்ளைத் துணி ஆடுற மாதிரிதான் தெரியுது. சிரிக்கிறா பாருங்கப்பான்னு சொல்றான், நானும் சிரிக்கிறேன். மூக்கு உங்கக்கா மூக்காம். எத்தனையோ வாட்சுக்குள்ள மயிரிழை ஸ்ப்ரிங்கைப் பார்த்த கண்ணு இது, அந்த மூக்கை ஒரு தடவை பார்த்துட்டா போதும்னு இருக்கு. இந்த வீடு நல்ல வீடுதான், நான் இல்லைங்கல. ஆனா நான் பார்க்க வேண்டியதெல்லாம் இங்க பார்த்தாச்சு.

— அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க? கண்ணு அத்தான்!

— அவளை அழ வெச்சுக் கூட்டிட்டுப் போயி நான் எதைப் பார்க்கப் போறேன்? அவளா "வாங்க, போலாம்"னு சொல்லட்டும். அதுவரைக்கும் டிகாஷன் முட்டையைத் திருப்பிட்டு இருக்கேன். எனக்கு ஒரு உதவி பண்ணு. பெட்டி மேலயே பழியைப் போடு. முட்டையைப் பத்தி வாயைத் திறக்காதே. அவ முகம் சுருங்கிடும், எனக்குத் தெரியாட்டியும் நீ பார்க்கணும் இல்ல?

— என் தொழில்மேல சத்தியமா, இந்தப் பெட்டியில ஒரு குறையும் இல்ல.

— குறை இருக்குன்னு சொல்லு. வர்றா பாரு.

— பாதித் துணி நனைஞ்சே போச்சு! என்ன ரெண்டு பேரும் கிசுகிசுன்னு? கண்டுபிடிச்சாச்சா தம்பி?

— ம்... கண்டுபிடிச்சாச்சு அக்கா. அது வந்து, பல்பு. பல்போட ஒயர்ல... சூடு விட்டு விட்டு வருது. மேல இருக்கிற முட்டைக்கு ஒரு சூடு, ஓரத்துல ஒரு சூடு.

— இப்பதான் உயிரே வரல, பெட்டியில தப்பில்லைன்னு சொன்ன?

— உயிர் வர்றதுக்கு முன்னாடியே... அதாவது...

— அதாவதுங்கிறது இவரு வார்த்தை. உனக்கு எப்போ ஒட்டிக்கிச்சு?

— மெக்கானிக் சொல்றான்னா கேட்டுக்கடி. ஒயரை மாத்தணுமாம். மாத்திட்டு இன்னொரு தடவை வெச்சுப் பார்ப்போம். என்ன மாப்ளே?

— ஆமா அத்தான். இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க.

— சரி, வெச்சா போச்சு. நான் நாளைக்கே முட்டை சேர்க்க ஆரம்பிக்கிறேன். பையன்கிட்ட நீயே சொல்லிடு தம்பி, பெட்டியில ஒயரை மாத்தணும், இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு.

— சொல்லிடுறேன். நான் போய் நல்ல ஒயரா வாங்கிட்டு இன்னொரு நாள் வர்றேன் அத்தான், மழை வலுக்கிறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும்.

— பார்த்துப் போ. அடியே, குடையைப் பிடிச்சுக்கிட்டு அவனைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விடு.

— வா, குடைக்குள்ள வா. உயரமா வளர்ந்துட்டு என் கையை வலிக்க வைக்கிற. அவருக்கு நீ வந்ததுல எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த வாட்ச் டப்பா கதையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு.

— அக்கா.

— என்னடா?

— வீட்டுல டீத்தூள் சீக்கிரம் தீர்ந்துடுதா?

— நட, நட. பஸ் போயிடும்.

— நில்லு. தலையைக் குனியாதே. நான் அத்தான்கிட்ட எதுவும் சொல்லல. டிகாஷன் என் கையில ஒட்டிக்கிச்சு.

— சத்தியமா சொல்லல இல்ல? அவருக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாருடா. கண்ணு தெரியாத மனுஷனை ஏமாத்திட்டேன்னு நினைச்சுப்பாரு.

— ஏன் அக்கா இப்படி? புரை முத்திட்டு இருக்கு, அது உனக்குத் தெரியாதா? இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லைன்னா வாயைத் திறந்து சொல்லேன். நான் உன் பையன்கிட்டப் பேசுறேன். ஆபரேஷனுக்கு மட்டும் போயிட்டுத் திரும்பி வந்துடுங்க.

— யாருக்கு மனசில்ல?

— உனக்குத்தான்.

— எனக்கா? அட போடா! அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கணும்னு கை பரபரன்னு இருக்கு, என் துணியெல்லாம் எடுத்து அடுக்கிக் கட்டிலுக்கு அடியில தயாரா வெச்சிருக்கேன். அவருதான்டா வர மனசில்லாம குஞ்சு பொரிக்கட்டும்னு ஒரு சாக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அது பொரிச்சுட்டா அந்த மனுஷன் இங்கயே இருக்கிறதுக்கு வேற என்ன சொல்லுவாரு?